அல்வாவை விடுங்கள், பொடி கொடுங்கள்!

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சாப்பாட்டு மேசையில் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் வீடென்றால் கேட்கவே வேண்டாம். கம்பெனி கொடுத்தது ஒன்று, பலகாரச் சீட்டில் வந்தது ஒன்று, மச்சினர் கொண்டுவந்தது ஒன்று. மூன்றாம் நாள் மைசூர்பாகைத் தொட ஆள் இருக்காது. வேலைக்கு வரும் அக்காவிடம் நீட்டினால், “வேணாம்மா, எங்க வீட்லயும் கெடக்கு” என்பார்.

அந்த நேரத்தில்தான் நம்ம பொடி மேடையேறும். திகட்டிப்போன நாக்குக்குச் சூடான சோறு, ஒரு கரண்டி நெய், அதன் மேல் பருப்புப் பொடி. அடடா! திருமுல்லைவாயிலில் நாங்கள் இருக்கும் தெருவில் இப்போது யாரும் என்னிடம் “தீபாவளிக்கு என்ன ஸ்வீட்?” என்று கேட்பதில்லை. “பொடி எப்போ?” என்றுதான் கேட்கிறார்கள். இதைவிட ஒரு பாராட்டு எனக்கு வேண்டாம்.

செலவு? ஒரு சின்ன பாட்டில் பொடிக்கு ஆகும் காசில் நல்ல கடையில் கால் கிலோ நெய் இனிப்பு வாங்க முடியாது. ஆனால் பொடி ஒரு மாதம் முழுக்க உங்கள் பெயரைச் சொல்லும். காலையில் அவசரமாக டிபன் கட்டும் ஒவ்வொரு நாளும் உங்களை நினைப்பார்கள்.

என் ராஜா பருப்புப் பொடிதான். துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு ஒரு டீஸ்பூன், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், கல் உப்பு. அடுப்பைச் சிம்மில் வைத்துத் துவரம்பருப்பு பொன்னிறமாகி மணம் வரும்வரை பொறுமையாக வறுக்க வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். பொடி முழுக்கப் பச்சை வாடை அடிக்கும். பெருங்காயத்தைத் துளி எண்ணெயில் பொரித்துக்கொள்ளுங்கள். கல் உப்பையும் வெறும் வாணலியில் ஒரு புரட்டு புரட்ட வேண்டும், அதிலுள்ள ஈரம் போவதற்கு. எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸி. சூட்டோடு அரைத்தால் ஆவி உள்ளேயே தங்கிக் கட்டி தட்டிவிடும்.

இட்லி மிளகாய்ப் பொடியில் எள்ளுக்குத் தனி மரியாதை உண்டு. உளுந்தும் கடலைப்பருப்பும் மிளகாயும் கொரகொரப்பாக அரைபட்ட பிறகு, கடைசியில் வறுத்த எள்ளைப் போட்டு இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓடவிட்டால் எள் எண்ணெய் கக்கும், பொடி ஈரப்பசையாகிவிடும். மிளகாயில் நான் பிடிவாதக்காரி. நிறத்துக்கு நீட்டு மிளகாய், காரத்துக்கும் மணத்துக்கும் ராமநாதபுரம் குண்டு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முண்டு மிளகாய்தான். அதை எண்ணெயில் வறுக்கும்போது எழும் கமறலில் எதிர் வீட்டுத் தாத்தா தும்முவார். தீபாவளி வருகிறது என்று தெருவுக்கு அதுவே அறிவிப்பு.

தேங்காய், கொப்பரை, பூண்டு மூன்றையும் பரிசுப் பொடியில் சேர்க்க மாட்டேன். ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கிப் போனவர் எத்தனை நாள் வைத்துச் சாப்பிடுவாரோ, சிக்கு வாடை வந்தால் நம் பெயர் கெடும்.

யாருக்கு எந்தப் பொடி என்று யோசிப்பதில்தான் எனக்கு அலாதி சந்தோஷம். பிள்ளை பெற்று வந்திருக்கும் பெண்ணுக்கு அங்காயப் பொடி: சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம். பாட்டிகள் அந்தப் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே செய்யலாம். தீபாவளிக் காலையில் கறிக்குழம்பும் இட்லியுமாக வெளுத்துக்கட்டும் வீடுகளுக்கு ரசப் பொடி. மறுநாள் அவர்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.

ஆவடியின் கதை தனி. 1961இல் டாங்க் தொழிற்சாலை வந்ததிலிருந்து எல்லா மாநிலத்துக்காரர்களும் குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் ஊர் அது. என் பஞ்சாபித் தோழி ஒருத்தி நான் கொடுத்த இட்லிப் பொடியை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளவே இல்லை. வெண்ணெயில் குழைத்துப் பராத்தாவுக்குள் தடவிவிட்டாள். முதலில் எனக்குத் திக்கென்றது. சாப்பிட்டுப் பார்த்தபின் என் வீட்டிலும் அதே பழக்கம்.

அம்பத்தூர் ஐடி பூங்காக்களில் வேலைக்கு வந்து விடுதி அறைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா மிக்ஸ். அரை கிலோ ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, முந்திரி, கிள்ளிய மிளகாய் தாளித்து, மொறுமொறுவென்று பொரித்த கறிவேப்பிலையும் உப்பும் சேர்த்துக் கலக்கினால் முடிந்தது. ஒரு டம்ளர் மிக்ஸுக்கு இரண்டரை டம்ளர் கொதிக்கும் தண்ணீர். கெட்டில் மட்டும் வைத்திருப்பவன்கூட மூடிவைத்து ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிடலாம். கறிவேப்பிலை மட்டும் கையால் நொறுக்கினால் தூளாக வேண்டும். துவண்டால் அதில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி பாட்டில். அந்தக் காலத்தில் ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்தான் எல்லா வீட்டுப் பொடிக்கும் இருப்பிடம். இப்போது நான் ஜாம், ஊறுகாய், தேன் பாட்டில்களை வருடம் முழுக்கச் சேர்க்கிறேன். பற்றாததற்குப் பாரிமுனை போனால் மொத்த விலைக்குக் கிடைக்கும். கழுவி, வெயிலில் கவிழ்த்து, நிமிர்த்தி, மூடிக்குள் இருக்கும் வட்டம்வரை சொட்டு ஈரமில்லாமல் காயவேண்டும். மேலே ஜிகினாக் காகிதம், ரிப்பன் எல்லாம் சுற்றிப் பார்த்தாயிற்று, மனசுக்கு ஒட்டவில்லை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு ஆரம்பித்தபோதுதான் பொறி தட்டியது. சின்ன அளவில் மஞ்சள் துணிப் பை தைத்து, பாட்டிலை உள்ளே வைத்து, நாடா இழுத்துக் கட்டிவிட்டேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல அத்தனை மங்களகரம்! பையில் ஒரு அட்டை: என்ன பொடி, அரைத்த தேதி, எத்தனை நாளைக்குள் தீர்க்க வேண்டும், ஈரக் கரண்டி போடாதீர்கள். முந்திரி, எள், கடலை சேர்த்திருந்தால் அதையும் எழுதிவிடுவேன், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். இட்லிப் பொடியோடு குட்டி நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று வைத்துப் பாருங்கள், வாங்குபவர் முகம் மலர்வதைக் காணலாம்.

பதிலுக்கு வருவதைச் சொல்லாவிட்டால் பாவம். நம் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லையே. பூந்தமல்லியிலிருக்கும் பாய் வீட்டு அம்மா ரம்ஜானுக்கு என் பாட்டிலில் பிரியாணி மசாலா நிரப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் நிறைய குல்குல்ஸ் வந்தது. பாட்டில்கள் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

செய்ய நினைப்பவர்கள் ஐப்பசி பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மிளகாய் காயாது, காற்றிலேயே ஈரம், மாவு மில்லில் முறுக்கு மாவுக்காரர்கள் வரிசை வேறு. புரட்டாசி வெயிலிலேயே மிளகாயையும் மல்லியையும் மொட்டை மாடியில் பரப்பிவிடுங்கள். பாட்டில்களை இன்றிலிருந்தே சேருங்கள்.