பத்துக்குப் பன்னிரண்டு: மலையக ஆய்வுகளில் இடமும் பெண்ணும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை நம்மில் பலர் புனைகதை வழியாகத்தான் அறிந்தோம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' மருதியைத் தெரிந்த அளவுக்கு, அதே மலைகளைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தெரியாது. இனம், பண்பாடு, இடம், பால் என்று பாடத்திட்டங்கள் பிரித்து வைக்கும் நான்கும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொண்டு நிற்கும் களம் அது.

தொடக்கத்தில் பேச்செல்லாம் இனத்தையும் காகிதத்தையும் பற்றியே இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாக எடுத்துக்கொண்டன. இந்தக் கணக்கு வழக்கில் மூழ்கிய எழுத்துகளில் தலைகள் உண்டு, பெண்கள் இல்லை. சாதியின் பக்கம் பார்வையைத் திருப்பியவர்களில் ஆர். ஜெயராமன் முக்கியமானவர். ஆள் திரட்டி வந்த மேஸ்திரிகளான கங்காணிகள் தம் உறவிலும் ஊரிலும் ஆள் கட்டியதால் சாதியும் கூடவே கடல் கடந்தது என்பது அவருடைய 1975ஆம் ஆண்டு நூலில் துலங்குகிறது.

பெண்ணை நடுவில் வைத்துப் பார்த்தது ரேச்சல் குரியன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக அவர் 1982இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு கேள்விகளே மாறிவிட்டன. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆள் வந்தால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்தபின் குடும்பத்தோடு குடியிருக்கும் பெண் தோட்டத்துக்கு இன்றியமையாதவள் ஆனாள். காப்பிக் காலத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம் என்று பாட்ரிக் பீபிள்ஸ் 2001இல் மறுத்தார். தங்கியது எப்போது என்பதில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் தோட்டத்தின் ஆதாயம் பெண்ணின் விரல்களை நம்பி நின்றது தேயிலையில்தான்.

அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் லயம் எனும் வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை மறைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வயதுக்கு வந்த மகளுக்குச் சேலைத் திரைதான் சுவர். விடியுமுன் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளைத் தோட்டக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுபவள், நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, திரும்புகிறாள். செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண் கொடுத்த வேலையை முடித்துப் பெரும்பாலும் பிற்பகலிலேயே இறங்கிவிடுகிறான். அவள் இறங்குவது கடைசி நிறுவைக்குப் பிறகு. வந்ததும் தண்ணீர், விறகு, சோறு. நிறுப்பவரும் மேற்பார்ப்பவரும் பெரும்பாலும் ஆண்கள். குமாரி ஜயவர்தனவும் குரியனும் சேர்ந்து 2015இல் எழுதிய நூல் இதை வர்க்கம், ஆணாதிக்கம், இனம் என்ற மூன்று கயிறுகளின் ஒரே முடிச்சாக விளக்குகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இல்தான் வந்தது. அதன் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கும் வழக்கம் போகவில்லை. தொழிற்சங்கங்களுக்குச் சந்தா கட்டியதில் பெண்கள் பெரும்பங்கு. மேடையில் அவர்களைத் தேடத்தான் வேண்டும்.

வாலண்டைன் டேனியலின் வழி வேறு. அவர் பேச்சைக் கேட்கிறார்: தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் அளவுமொழியும் தொழிலாளரின் விவசாயிமொழியும் ஒரே தேயிலைச் செடியின்மேல் மோதுவதை 1990களில் நுட்பமாக எழுதினார். டேனியல் பாஸ் 2013இல், 'இந்தியத் தமிழர்' என்ற அரசு முத்திரையிலிருந்து 'மலையகத் தமிழர்' என்ற தன்னுணர்வுக்கு மக்கள் நகர்வதைத் திருவிழாக்கள் உள்ளிட்ட அன்றாட வாழ்வில் கண்டார். நல்ல நூல்தான், ஆனால் திருவிழா அன்று அடுப்படியில் நிற்பவளைப் பார்க்க நான் மைத்ரி ஜெகதீசனிடம்தான் போவேன். அவருடைய 2019ஆம் ஆண்டு நூலில் பெண்கள் வெறும் பாதிக்கப்பட்டவர்களாக இல்லை. கடன், சீட்டு, நகை, பிள்ளைகளின் படிப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். தமக்குச் சொந்தமில்லாத காம்பராவை ஒட்டியும் நீட்டியும் வீடாக்குகிறார்கள்.

தேயிலையை விட்டுக் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா வீடுகளுக்கும் போனவர்களைப் பின்தொடர்ந்த எழுத்து இன்னும் போதாது. தோட்டத்துக்குள்ளேயும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. காணி கம்பெனியிடம், குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் காம்பராமேல் பிடி நிற்கும் என்ற அச்சம் பரவலானது. மகன் கொழும்பில், மகள் படிப்பில். கூடையோடு மலையேறிக் காம்பராவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தாய்தான்.