சொற்பொருளுக்குச் செயலே சாட்சியா?

நடத்தையியல் உளவியல் செல்லாக்காசாகிவிட்டது என்பது பரவலான எண்ணம். கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் ஆராயுங்கள் என்று வாட்சன் 1913-இல் தொடங்கி வைத்தார். மனத்தை உடலுக்குள் குடியிருக்கும் தனிப்பொருளாகக் கொள்வது பிழை என்று 1949-இல் கில்பர்ட் ரைல் வாதிட்டார். பிறர் நடத்தையைப் பார்த்தே எவரும் மொழி கற்கிறார் என்று 1960-இல் குவைன் எழுதினார். இடையே 1959-இல், ஸ்கின்னரின் நூலுக்குச் சாம்ஸ்கி எழுதிய கடுமையான மதிப்புரை வந்தது. அது சாய்த்தது தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்ற கணக்கை. பொருளுக்குச் சான்று எங்கே கிடைக்கிறது என்ற கேள்வியை அது தொடவில்லை. அந்தக் கேள்வி மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரி போன்ற இடங்களில் வாழ்ந்த, வேதவாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சை மரபுக்குப் பழைய சொத்து. அடையாறு நூலகம் 1963-இல் வெளியிட்ட கே. குஞ்ஞுண்ணி ராஜாவின் 'இந்தியன் தியரிஸ் ஆஃப் மீனிங்' அந்த விவாதத்தை விரிவாகச் சொல்கிறது.

அந்த மரபின் எடுத்துக்காட்டு இது: 'பசுவைக் கொண்டு வா' என்கிறார் பெரியவர், இளையவர் கொண்டு வருகிறார், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு 'குதிரையைக் கொண்டு வா', 'பசுவைக் கட்டு' என்று ஏவல் மாறுகிறது. எந்தச் சொல் மாறும்போது செயலில் எது மாறுகிறது என்று பிரித்தறிந்து குழந்தை பொருளைக் கற்கிறது. பெரியோர் நடைமுறையைப் பார்த்துக் கற்கும் இந்த விருத்த வியவகாரத்தை மீமாம்சையின் இரு பிரிவினரான பாட்டரும் பிராபாகரரும் ஏற்றனர். ஏவலின்றி முதற் கற்றலே இல்லை என்று பிராபாகரர் ஒரு படி மேலே போனார்கள். 'உனக்கு மகன் பிறந்தான்' என்று கேட்டவன் முகம் மலர்வதிலிருந்தும் கற்கலாமே என்றது எதிர்த்தரப்பு. மகிழ்ச்சிக்குக் காரணம் பல இருக்க, இதனால்தான் மலர்ந்தது என்று எப்படித் துணிவது என்பது பிராபாகரர் மறுமொழி. உவகை ஒன்றுக்கே தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் வகுத்ததை அறிந்தவர் இந்தத் தயக்கத்தை எளிதில் தள்ளமாட்டார்.

வேதவிதிக்குப் பொருள் காண எழுந்த சாத்திரத்தை ஆய்வுக்கூட உளவியலோடு சேர்ப்பது வலிந்த ஒப்பீடு என்பர் சிலர். நோக்கம் வேறுதான்; ஏவல் முன்னிற்பதற்கும் அதுவே காரணம். மீமாம்சகர் நடத்தையியலாரும் அல்லர். இளையவர் எழுந்து போகுமுன் அவருக்குள் ஓர் அறிவு தோன்றியிருக்க வேண்டும் என்று குழந்தை தன்னை வைத்து அனுமானிப்பதாகவே அவர்கள் சொன்னார்கள். செயல் அங்கே அடையாளம் மட்டுமே. ரைலின் நிலையைவிட இது தெளிவானது என்பேன். ஆனால் குவைனிடமிருந்து இதனாலும் தப்ப முடியாது. முன்பின் அறியாத மொழியில் ஒருவன் முயலைப் பார்த்து 'கவகாய்' என்றால், அது முயலா, முயலின் பிரியாத உறுப்புகளா என்று நடத்தை காட்டாது என்றார் அவர். பசு வந்தால் அதன் உறுப்புகளும் வந்துவிடுகின்றன! அதே வியவகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'பசு' குறிப்பது சாதியை, அதாவது பசுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தன்மையை என்றனர் மீமாம்சகர். சாதியோடு கூடிய தனிப்பொருளை என்றனர் நியாய மரபினரான நையாயிகர். நூற்றாண்டுகள் நீண்ட இந்த வழக்கே குவைன் பக்கம் சாட்சி சொல்கிறது. நடத்தையின்றிப் பொருள் விசாரணை தொடங்காது. நடத்தையால் மட்டும் அது முடிவதும் இல்லை. குவைனைப் பாடமாக வைக்கும் நம் மெய்யியல் துறைகள் பசு வாதத்தையும் அதே பருவத்தில், அதே வினாத்தாளில் சேர்க்க வேண்டும்.