காது கொடுத்த மருத்துவர்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் முகங்களை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். கையில் மருந்துச் சீட்டு இருக்கும். ஆனால் படியிறங்கும்போதே, 'அதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே' என்று துணைக்கு வந்தவரிடம் முணுமுணுப்பார்கள். அதை மறதி என்று சொல்வது பொருந்தாது. சொல்ல இடம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. என் தாயார் தம் எழுபதாவது வயதில் கால் வீக்கத்திற்காக ஒரு மருத்துவரிடம் சென்றார். "ராத்திரியில..." என்று தொடங்கினார். அடுத்த சொல் வருவதற்குள் பேனா சீட்டின்மேல் ஓடத் தொடங்கிவிட்டது. மட்டமாகப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது என்பதையும், மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்கினார் என்பதையும் அந்த மருத்துவர் அறியவே இல்லை. அது இதயத்தின் தளர்ச்சி என்பது நான்கு மாதங்கள் கழித்து, வேறொருவர் கேட்டபோதுதான் வெளிப்பட்டது.

இந்த நினைவோடுதான் நான் ஜான் பெர்ஜரின் 'எ ஃபார்ச்சுனேட் மேன்' என்னும் நூலைப் படித்தேன். 1967-இல் வெளிவந்த இந்நூல் ஜான் சாசல் என்ற கிராம மருத்துவரைப் பற்றியது. இங்கிலாந்தின் மேற்கெல்லையில், டீன் வனப்பகுதியில் அவர் பணியாற்றினார். சாசல் என்பது நூலுக்காக இட்ட பெயர். ஓவிய விமர்சகராகவும் புதின ஆசிரியராகவும் அறியப்பட்ட பெர்ஜரும் சுவிட்சர்லாந்து நாட்டுப் புகைப்படக் கலைஞர் ழான் மோரும் ஆறு வாரங்கள் அவருடன் தங்கி, நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் கூடவே சென்று உருவாக்கியது இது. தலைப்பைத் தமிழாக்கினால் 'பேறுபெற்ற மனிதர்' என்றாகும். மலைப்பொழிவைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். ஆங்கிலச் சொல்லில் அந்த ஒலி இல்லை. தாம் விரும்பிய பணியையே செய்ய வாய்த்தவர் என்ற பொருளில்தான் பெர்ஜர் அதை ஆள்கிறார்.

நூலின் தொடக்கக் காட்சியை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். காட்டில் மரம் சாய்ந்து ஒருவரின் காலை நசுக்கிவிடுகிறது. செய்தி கேட்டு விரையும் மருத்துவர் வழிநெடுகத் தம் வண்டியின் ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டே போகிறார். எதிரே வருபவர்கள் விலகுவதற்காக மட்டுமன்று. மரத்தடியில் கிடப்பவருக்குத் தாம் வந்துகொண்டிருக்கிறோம் என்பது கேட்கவேண்டும் என்பதற்காகவும்தான். ஊசியும் கட்டும் பிறகு. சிகிச்சை அந்த ஒலியிலேயே தொடங்கிவிடுகிறது.

இளமையில் சாசல் இத்தகைய அவசரங்களை மட்டுமே விரும்பியவர். போர்க்காலத்தில் கடற்படை மருத்துவராகக் கிரேக்கத் தீவுகளில் பணியாற்றியவர். தலைவலி, தூக்கமின்மை என்று வருபவர்களிடம் அவருக்குப் பொறுமை இருந்ததில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னர் தம்மையே ஆராய்ந்து பார்த்து, மெல்ல மாறுகிறார். நோயை அறிவது ஒன்று, நோயுற்றவரை இன்னாரென்று இனங்கண்டு ஏற்பது மற்றொன்று என்பதை உணர்கிறார். ஊராரின் பிறப்பும் இறப்பும் இழப்பும் அவர் நினைவில் பதிவாகின்றன. ஊர்க் கணக்கர் நிலக்கணக்கு வைப்பதுபோல இவர் அவர்களுடைய வாழ்வின் கணக்கை வைத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

ஆயினும் அவர் எப்போதும் வெல்வதில்லை. பால் பண்ணையில் வேலைபார்த்த ஓர் இளம்பெண்ணுக்கு உறக்கம் கெடுகிறது. பின்னர் மூச்சிரைப்பு வருகிறது. சோதனைகளில் காரணம் எதுவும் புலப்படவில்லை. பண்ணையின் மேலாளர் ஆசை காட்டிக் கைவிட்டதை மருத்துவர் வேறொருவர் வாயிலாக அறியும்போது காலம் கடந்துவிட்டது. நோய் அவளோடு தங்கிவிட்டது. நூலில் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்ட பகுதி இதுவே. காது கொடுக்கத் தெரிந்தவருக்கே இப்படி நேருமானால், சீட்டு எழுதும் அவசரத்தில் எத்தனை பெண்களின் கதைகள் தொண்டையிலேயே நின்றுவிட்டிருக்கும்!

ஆனால் இந்நூலின்மீது எனக்கொரு மனக்குறை உண்டு. அது சிறியதன்று. சாசலின் கவனத்தை அந்த ஒரு மனிதரின் ஆளுமையிலிருந்து சுரப்பதாகவே பெர்ஜர் காட்டுகிறார். கடலோடிகளைப் பற்றி எழுதிய கான்ராடின் கதைகளில் ஊறிய ஒரு தனி வீரர். துணையின்றிக் கப்பலைச் செலுத்தும் தலைவர். சித்திரம் அழகானதுதான். எனினும், அந்த மருத்துவமனையின் அன்றாட நிர்வாகத்தைச் சுமந்தவர் அவருடைய மனைவி பெட்டி. அவரை நூலின் பக்கங்களில் தேடினால் கிடைப்பதரிது. மருத்துவரை அவ்வப்போது பீடித்த நீண்ட மனச்சோர்வை பெர்ஜர் மறைக்கவில்லை. ஆயினும் அதைப் பிறர் துன்பத்தை அருகிருந்து காண்பதற்கு ஒருவர் கொடுக்கும் விலையாகவே, ஏறக்குறைய ஒரு பெருமையாகவே எழுதிச் செல்கிறார். 1981-இல் பெட்டி இறந்தார். மறு ஆண்டு அந்த மருத்துவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய சாவு அவர் வாழ்வின் கதையையே மாற்றிவிட்டது என்று பெர்ஜர் பின்னாளில் எழுதிச் சேர்த்தார். அது நேர்மையான ஒப்புதல். ஆனால் யார் தாங்கியதால் அந்தக் கவனம் நின்றது என்ற கேள்வியை அப்போதும் அவர் எழுப்பவில்லை.

அக்கேள்விக்கு அருகில் வருவது இன்னொரு நூல். பாலி மோர்லாண்ட் என்னும் எழுத்தாளர் தம் தாயாரின் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, புத்தக அலமாரிக்குப் பின்னால் விழுந்துகிடந்த ஒரு பழைய பிரதியைக் கண்டெடுக்கிறார். அது பெர்ஜரின் நூல். புகைப்படத்திலிருப்பதோ அவர் குடியிருக்கும் அதே பள்ளத்தாக்கு! அப்போது அங்கே பணியாற்றிய பெண் மருத்துவரோ, மாணவப் பருவத்தில் அந்நூலைப் படித்ததால் இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். 2022-இல் வெளிவந்த 'எ ஃபார்ச்சுனேட் வுமன்' இவரைப் பற்றியது. மோர்லாண்டின் நடையில் பெர்ஜரின் கூர்மை இல்லை. மரங்களையும் மூடுபனியையும் சற்று அதிகமாகவே வருணிக்கிறார். ஆனால் இம்மருத்துவர் தனி வீரர் அல்லர். குடும்பமும் உடன் பணிபுரிவோரும் உடையவர். பத்து நிமிடத்திற்கு ஒருவர் என்ற கட்டத்திற்குள், ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் பார்ப்பதால் கூடும் அறிவைக் கொண்டு பணி செய்கிறார். காலம் அவருக்கு ஒரே நாளில் கிடைப்பதில்லை. சிறுகச் சிறுகச் சேர்கிறது.

இது வெறும் உணர்ச்சியன்று என்பதற்குச் சான்றும் உண்டு. நார்வே நாட்டில் 45 லட்சம் மக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரைக் கொண்டிருந்தோரிடையே, ஓராண்டே கொண்டிருந்தோரைவிட, இறப்பு விகிதம் ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு என்று கண்டது. அதுவே காரணமென அறுதியிட இவ்வகை ஆய்வு போதாதெனினும், புறந்தள்ளக்கூடிய எண் அன்று.

நம் நாட்டில் இது நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 67 நாடுகளின் நிலையைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்திற்கு மேல். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். வங்கதேசத்தில் 48 வினாடி. வாசலில் நூறு பேர் காத்திருக்கையில் மருத்துவரை மட்டும் கடிந்துகொள்வது எளிது. என் தாயாரின் பேச்சை இடைமறித்தவரும் அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டார். ஆனால் இடைமறிப்பது வறிய நாடுகளின் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து 1984-இல் வெளியான ஆய்வில், 51-இல் மருத்துவர் நோயாளியின் முதற்பேச்சைத் துண்டித்திருந்தார், அதுவும் சராசரியாக 18 வினாடியில். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், புறநோயாளர் பிரிவில், குறுக்கிடாமல் பேசவிட்டால் நோயாளி எவ்வளவு நேரம் பேசுவார் என்று அளந்து பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் 335 பேரின் சராசரி 92 வினாடி! நாம் அஞ்சும் வெள்ளம் ஒன்றரை நிமிடத்தில் வடிந்துவிடுகிறது.

என் தாயாருக்குக் கிடைத்த இரண்டாவது மருத்துவரின் அறையிலும் கூட்டத்திற்குக் குறைவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ராத்திரி எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அம்மா பேசத் தொடங்கினார்.

இவ்விரு நூல்களில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், மோர்லாண்டின் நூலை என்பேன், எழுத்தில் பெர்ஜரே உயர்ந்தவர் என்றபோதிலும். அதைப் படித்துவிட்டுப் பழைய நூலுக்குத் திரும்புகிறவர், ஒவ்வொரு பக்கத்திலும் மருத்துவரை மட்டும் பார்க்கமாட்டார். கதவுக்கு அப்பால் ஏட்டைத் திறந்துவைத்து, அடுத்தவரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையும் தேடுவார்.