படபடப்பை அடக்கும் பக்குவம்

ஸ்டீராய்டு என்றாலே புஜம் புடைத்த பயில்வான்தான் நம் நினைவுக்கு வருவார். நம் மூளையோ சத்தமில்லாமல் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்கிறது. அலோபிரெக்னனோலோன் என்ற பெயர் வாயில் நுழையாது. வேலை மட்டும் அத்தனை பதம். புரோஜெஸ்டிரோனை எடுத்து, இரண்டே நொதிகளின் கைப்பக்குவத்தில் மாற்றியெடுத்தால் இது தயார். நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, காபா திறந்த வாயிலை இன்னும் சற்று நேரம் மூடாமல் பார்த்துக்கொள்ளும். குளோரைடு அயனிகள் உள்ளே வர, துடித்துக்கொண்டிருந்த நரம்புச் செல் அடங்கும். பாட்டை மறைக்காமல் பின்னால் நின்று சுருதி கொடுக்கும் தம்பூராவைப் போன்ற வேலை.

பதற்றம் ஓய்ந்து, இறுகிய தோள் தளர்ந்து, மூச்சு நீண்டு, இமை கனக்கிறதே, அந்தத் தணிவில் இதற்கும் பங்குண்டு. கர்ப்பத்தில் பெருகி, பிரசவமானதும் சட்டென்று வடிந்துவிடும். சில தாய்மாரின் மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். அவர்களுக்கென்று 2019இல் அமெரிக்கா அனுமதித்த பிரெக்சனோலோன் என்ற மருந்து இதே பொருள்தான். 60 மணி நேரம் சிரை வழியே மெல்ல மெல்ல ஏற்ற வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் ஆள் மயங்கிவிடக்கூடும். அளவும் நிதானமும்தான் இதன் அழகு. எல்லோருக்கும் இது இதமாகவே இருப்பதில்லை. மாதவிடாய்க்கு முன் இதன் ஏற்ற இறக்கமே சிலருக்கு எரிச்சல் மூட்டும். ஆகவே அற்புதம் என்று தூக்கிவைக்க வேண்டாம். நல்ல கைவேலை என்று மனதார மெச்சலாம்.