சாய்வு நாற்காலி: முதல் வாசிப்பில் எழுந்த எண்ணங்கள்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். விருது பெற்றது என்பதற்காகவே அதனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, வாசிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில் நாமும் உண்டு. 2019ஆம் ஆண்டு மே மாதம் ஆசிரியர் மறைந்த பின்னரே அதனை முதலிலிருந்து இறுதிவரை ஊன்றி வாசித்தோம். எனவே இது ஆய்வுரையன்று. முதல் வாசிப்பு நம்முள் எழுப்பிய எண்ணங்களின் தொகுப்பு மட்டுமே.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் ஆசிரியர் பிறந்த ஊர். நாவலில் அது ‘தென்பத்தன்’ என்னும் பெயரில் வருகிறது. அவ்வூரின் பழம்பெரும் குடும்பம் ஒன்றின் கடைசிக் காலத்தை மீரான் எடுத்துரைக்கிறார். வீட்டின் தலைவர் முஸ்தபாக் கண்ணு. உழைப்பென்பதை அறியாதவர், நாவின் ருசிக்கு அடிமைப்பட்டவர். சாய்வு நாற்காலியில் படுத்தபடியே குடும்பப் பெருமையை நினைந்து நினைந்து நாள்களைக் கழிக்கிறார். அடுப்பு எரிய வேண்டுமானால் வீட்டில் ஏதேனும் ஒன்று விலைபோக வேண்டும் என்ற நிலை. முன்னோர் சேர்த்த பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைக் கடந்து செல்கின்றன.

வறுமையைச் சித்திரிக்கும் நாவல்கள் தமிழில் பல. அவற்றுள் பெரும்பாலானவை இல்லாதவரின் வறுமையைப் பேசுவன. மீரான் காட்டுவது இருந்தவரின் வறுமை. இல்லாதவருக்குப் பசி ஒன்றே துன்பம். இருந்தவருக்கோ பசியோடு நினைவும் சேர்ந்து வாட்டுகிறது. ஆனால் முஸ்தபாக் கண்ணுவின் மீது நமக்கு இரக்கம் சுரக்க ஆசிரியர் எளிதில் இடந்தரவில்லை. அந்த நினைவுக்கு விலை கொடுப்பவர் அவரல்லர், அவருடைய மனைவி மரியம் முதலான வீட்டுப் பெண்களே என்பதைப் பக்கந்தோறும் உணர்த்திக்கொண்டே செல்கிறார்.

குடும்பத்தின் பெருமைக்கு ஊற்றுக்கண்ணாக நிற்பவர் பவுரீன் பிள்ளை என்னும் முன்னோர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவுக்குத் துணைநின்றவர் என்று அவ்வீடு அவரைப் போற்றுகிறது. பழங்கதையும் நிகழ்காலமும் நாவலில் மாறி மாறி வருகின்றன. இந்த அமைப்பு தொடக்கத்தில் நம்மைச் சற்றுத் தடுமாறச் செய்தது. வாசிப்பு முன்னேற முன்னேற அதன் காரணம் விளங்கிற்று. முன்னோர் ஏதோ ஒன்றைச் செய்தார். பின்னோர் அதைச் சொல்லிக்கொண்டு மட்டும் இருக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இந்நாவலின் களம். முன்னோர் வழி என்னும் ஒரே காரணத்தால் ஒன்றைப் பற்றிக்கொண்டிருப்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கண்டிப்பதை இங்கே எண்ணிப் பார்த்தோம்.

நம்மை மிகவும் உலுக்கியது அவ்வீட்டில் பேணப்பட்டுவரும் ஒரு பிரம்பு. அதன் பெயர் ‘அதபுப் பிரம்பு’. பெண்களை அடிப்பதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. ‘அதபு’ அரபு மொழியிலிருந்து நம் பேச்சில் கலந்த சொல். நற்பண்பு, நன்னடத்தை, பெரியோர் முன் பேணும் மரியாதை என்றெல்லாம் அதற்குப் பொருள். அரபியில் இலக்கியத்தைக் குறிப்பதும் அதே சொல்தான். மனிதரைப் பண்படுத்த வந்த ஒரு சொல் ஓர் இல்லத்தில் பிரம்பாகச் சுருங்கிவிட்டது! அண்ணலார் (ஸல்) தம் கரத்தால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அந்த நபியின் உம்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிரம்புக்கு அதபு என்று பெயர் வழங்குவதைவிடக் கசப்பான முரண் வேறு உண்டோ? வீட்டுப் பொருள்கள் விலைபோவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வீட்டின் மெய்யான மரபு கைநழுவிவிட்டது. இதுவே நாவலின் உட்பொருள் என்று கருதுகிறோம்.

சமுதாயத்தின் குறைகளை இவ்வாறு பிறர் காண எழுதலாமா என்ற வினா மீரானின் எழுத்தை ஒட்டி எழுவதுண்டு. நம்மைப் பற்றிய தவறான எண்ணங்கள் மலிந்துள்ள காலத்தில் இந்த அச்சத்தை அற்பமானதென்று ஒதுக்க நாம் விரும்பவில்லை. எனினும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஆசிரியரின் முதல் நாவலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில்தான் தொடராக வெளிவந்தது, 1988இல் நூலாயிற்று. தன் குறையைத் தன் ஏட்டிலேயே பதிக்கும் துணிவு அன்றே நம்மிடம் இருந்தது. தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்ளும் ‘முஹாஸபா’வை நம் பெரியோர் தனிமனிதருக்கு வலியுறுத்தினர். ஒரு சமூகத்துக்கும் அது வேண்டும். இலக்கியம் அதற்கு ஒரு வாயில். புண்ணை மூடி வைப்பதால் மானம் காக்கப்படலாம், புண் ஆறாது.

குறையொன்றையும் கூறாமல் விடுவது முறையாகாது. மரியம் படும் துன்பத்தை ஆசிரியர் நம் கண்முன் நிறுத்துகிறார். ஆனால் அவளுடைய சிந்தனையின் உள்ளறைக்கு நம்மைப் போதிய அளவு அழைத்துச் செல்லவில்லை என்றே தோன்றியது. அடிக்கும் கையை அணுக்கமாகக் கண்ட அளவுக்கு அடிபடும் நெஞ்சை நாம் காணவில்லை. மறுவாசிப்பில் இக்கருத்து மாறலாம். இப்போதைக்கு இவ்வாறே பதிவு செய்கிறோம்.

நாவலின் பெருஞ்சிறப்பு அதன் மொழி. 1956இல்தான் தமிழ்நாட்டுடன் இணைந்த பகுதி அது. தமிழும் மலையாளமும் அரபுச் சொற்களும் ஒன்றோடொன்று கலந்த கடலோர முஸ்லிம்களின் பேச்சு இங்கே உயிரோடு உலவுகிறது. பழகாத வாசகருக்குச் சில பக்கங்கள் கடினமாக இருக்கலாம். பொறுமையாகத் தொடர்ந்தால் காது பழகிவிடும். முஸ்தபாக் கண்ணு தம் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்க, ஆசிரியரோ அவ்வூரின் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டே போகிறார். மரபைக் காப்பது எப்படி என்பதற்கு நாவலே விடையாக அமைந்துவிட்டது.

கதையின் முடிவை இங்கே கூறப்போவதில்லை. வாசித்து முடித்தபின் நம் இல்லங்களில் முன்னோர் விட்டுச்சென்றவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். பெருமையோடு எடுத்துக்காட்டத்தக்கவை சில இருந்தன. பெயர் மாற்றி ஒளித்து வைத்திருக்கும் பிரம்புகளும் இருந்தன. அவற்றை இனங்கண்டு ஒடித்துப்போடும் பொறுப்பு வாரிசுகளாகிய நம்முடையது.