செவிவழி நாவலும் ஊமை அரசியும்

தமிழர்க்கு இலக்கியம் முதலிற் செவிக்குரியதாகவே இருந்தது. சங்கச் சான்றோர் பாடல்களின் வாய்மொழி இயல்பினை, 1960களிற் பேராதனையில் ஆசிரியராயிருந்த க. கைலாசபதி, 1968இல் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஈழத்துச் சைவக் கோயில்களிற் கந்தபுராணம் படிக்கப்படுங்கால் ஒருவர் செய்யுளைப் பாட, மற்றொருவர் பயன் சொல்வார்; ஏட்டைத் தொட்டறியாத மூதாட்டியும் சூரன் வதையைக் கேட்கக் காத்திருப்பாள். ஆகவே, கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் புகையிரதத்திற் செல்லும் மாணவன் ஒருவன், காதிற் கருவியைப் பொருத்திக்கொண்டு கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைக் கேட்பானாயின், அச்செயல் முற்றிலும் புதியதன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. புராணம் கேட்போர் முடிவை முன்னரே அறிவர். நாவல் கேட்போர் அறியார். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் இந்நாவல் தொடராக வந்தபோது, அடுத்து நிகழ்வது யாது என அறிய ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. நூலாக வந்தபின் அப்பொறுமை வேண்டாதாயிற்று. ஆவல் மிக்கவர் இறுதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். ஒலிநூலோ இழந்த காத்திருப்பை ஓரளவு மீட்டுத் தருகிறது. வாசிப்பவர் மூச்சு விடும் வேகமே கேட்பவரின் வேகமாகிறது.

கல்கியின் படைப்புகள் 1999இல் தமிழ்நாட்டு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. பாம்பே கண்ணன் பல குரல்களைக் கொண்டு அமைத்த ஒலிநூலும், ஒருவரே தொடர்ந்து வாசிக்கும் பதிவுகளும் இன்று கிடைக்கின்றன. வாசகரை அருகழைத்துக் கதை சொல்லும் கல்கியின் நடை செவிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஆயின் அவர் இடையிடையே நிகழ்த்தும் நீண்ட வரலாற்று விளக்கங்கள் செவியைச் சோர்வுறச் செய்கின்றன. கண் மெல்லத் தாண்டிச் செல்லும் பக்கங்களைச் செவி முழுமையாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

இனி, இந்நாவலின் மறைபொருள் ஒரு முகத்தைப் பற்றியது. (நூலை இன்னும் படியாதார் இப்பகுதியைத் தாண்டிச் செல்லுதல் நன்று.) பழுவூர் இளையராணி நந்தினியும், பேசவும் கேட்கவும் இயலாத மந்தாகினியும் உருவத்தில் ஒத்தவர்கள். மணிரத்தினம் இயக்கி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த திரைப்படத்தில் இவ்விருவரையும் ஐசுவரியா ராய் ஒருவரே ஏற்று நடித்தார். திரையில் முகம் தெரிந்த கணமே ஒப்புமையும் தெரிந்துவிடும். இயக்குநர் முகத்தை மறைத்து வைக்கும் வழியைத் தேடவேண்டும். ஒலிக்கு அவ்விடர் இல்லை. கதை சொல்பவர் சொல்லும்வரை கேட்பவர்க்கு எம்முகமும் தெரியாது. கல்கி சிறிது சிறிதாக அவிழ்க்கும் முடிச்சு, திரையிலும் பார்க்கச் செவியிலேயே கெடாது நிற்கிறது.

ஆனால் ஒலிநூலின் உண்மையான சோதனையும் அந்த ஊமை அரசியே. நாவலின் நெஞ்சமாய் விளங்குபவள் அவள். அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. சைகையும் கண்ணும் அவள் வரைந்த சித்திரங்களுமே அவள் மொழி. பல குரல் அமைப்பில் ஒவ்வொரு பாத்திரமும் குரலால் அடையாளம் பெறும்போது, குரலற்றவள் இல்லாதவளாகிவிடக்கூடும்; அதனை அஞ்சி அவளுக்கு முனகலும் விம்மலும் சேர்ப்பின், பெருமிதம் இரக்கப்பொருளாய்ச் சுருங்கும். ஒருவரே வாசிக்கும்போது, வந்தியத்தேவனின் குறும்பும் நந்தினியின் வஞ்சமும் அவளது மௌனமும் ஒரே குரலிலிருந்து பிறக்கின்றன. அவள் மற்றையோர்க்குக் குறைந்தவளாகத் தோன்றுவதில்லை. இவ்வகையில் ஒற்றைக் குரலே மேம்பட்டது.

இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்’றில், அநுராதபுரத்துப் பெரஹராத் திருவிழாவை அருள்மொழிவர்மரும் வந்தியத்தேவனும் காணும் பகுதி, கண்டியில் வாழ்வோர்க்குத் தனிச் சுவையுடையது. எசல மாதத்துத் தலதா மாளிகை ஊர்வலத்தையும், அதனுடன் வரும் பத்தினி தேவாலயத்து ஊர்வலத்தையும் கண்டு பழகிய செவிகள் அவை. (அப்பத்தினி நம் கண்ணகியே என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.) யானையும் தீவட்டியும் பறையொலியும் அவர்கள் நினைவிலேயே உள்ளன, பின்னணி முழவு சேர்த்தல் மிகை. அவ்விழாவின் ஆரவாரம் அடங்கியபின், அந்நகரிலேயே ஊமை அரசி தோன்றி இளவரசரைச் சைகையால் அழைக்கிறாள். அவ்விடத்தில் வாசிப்பவர் ஓரிரு கணம் நிறுத்தினாற் போதும்.