மெட்ரோவா, மேம்பாலமா? திருச்சி விவாதத்தில் விட்டுப்போன தண்டவாளம்

கோயம்புத்தூர், மதுரை மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியபோது எங்கள் தெருவில் நடந்த பேச்சு இது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்: "அவங்களுக்கே இல்லேன்னுட்டான், நமக்கு எங்க வரப்போவுது? பேசாம ரோட்டை அகலப்படுத்தச் சொல்லணும் தம்பி." எதிர் வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவர் சண்டைக்கே வந்துவிட்டார். ரோடு போட்டால் கார்தான் பெருகும், ஐரோப்பாவைப் பாருங்கள் என்றார். நான் அப்போது கார் கழுவிக்கொண்டிருந்தேன் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருமே பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அதைவிட வேடிக்கை, இருவரும் புதிதாக ஒன்றைக் கட்டச் சொல்கிறார்கள். எடமலைப்பட்டி புதூரை ஒட்டி ஏற்கெனவே ஒரு இரட்டை ரயில்பாதை போகிறது. அதை யாருமே எடுத்துச் சொல்லவில்லை.

முதலில் அந்த 20 லட்சம். 2017 மெட்ரோ ரயில் கொள்கையைக் காட்டி, மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. 2011 கணக்கெடுப்பில் 20 லட்சத்தைத் தொடாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் கிடைத்ததே என்று தமிழ்நாடு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாதத்தில் ஜெயித்தாலும் திருச்சிக்கு ஒன்றும் ஆகாது. 2011ல் திருச்சியைச் சுற்றியுள்ள புறநகரையும் சேர்த்தே 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். கோயம்புத்தூர் திட்டத்தின் மதிப்பு 39 கிலோமீட்டருக்கு 10,740 கோடி. கிலோமீட்டருக்கு 275 கோடி வருகிறது. திருச்சிக்குப் பேசப்பட்ட இரண்டு வழித்தடங்கள் சமயபுரம்–வயலூர், துவாக்குடி–பஞ்சப்பூர். மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 12,000 கோடியைத் தாண்டும்.

இப்போது ஒரு காகிதத்தில் திருச்சி ஜங்ஷனை ஒரு புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து விழுப்புரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் என்று ஐந்து திசையில் பாதை போகிறது. இதில் விழுப்புரம், தஞ்சாவூர், திண்டுக்கல் மூன்றும் இரட்டைப் பாதை, மின்மயமானவை. துவாக்குடி–பஞ்சப்பூர் மெட்ரோ என்று வரைந்த கோடு எங்கே போகிறது? கிழக்குப் பாதி ஏறக்குறைய தஞ்சாவூர் ரயில்பாதைக்கு இணையாக. பொன்மலை, மஞ்சத்திடல், திருவெறும்பூர் என்று மூன்று ஸ்டேஷன் இருக்கிற பாதை அது. தெற்குப் பாதி திண்டுக்கல் பாதையின் பக்கமாக. சமயபுரம் கோட்டில் ஸ்ரீரங்கம், டவுன் ஸ்டேஷன் பகுதிக்கும் தண்டவாளம் இருக்கிறது. வயலூர் பக்கம் மட்டும்தான் கிடையாது, அதை ஒப்புக்கொள்ளணும்.

1862லேயே நாகப்பட்டினத்திலிருந்து ரயில் வந்து சேர்ந்த ஊர் இது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையகம் இருந்த ஊர். அந்த ஊரில் இருந்துகொண்டு, தண்டவாளம் எங்கே போடலாம் என்று புதிதாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ரோட்டுக் கட்சி என்ன சொல்கிறது? பால்பண்ணை–துவாக்குடி சாலையை எடுத்துக்கொள்வோம். சுமார் 14 கிலோமீட்டர் தூரம், சர்வீஸ் ரோடு வேண்டுமென்று ஒரு பக்கம், கடை போய்விடும் என்று இன்னொரு பக்கம், வருடக்கணக்காக இழுத்தது. அப்புறம் உயர்மட்டச் சாலை என்றார்கள். ஜங்ஷன் மேம்பாலத்தைப் பாருங்கள். ஒரே ஒரு கை மட்டும், ராணுவத்தின் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்காகப் பல வருடம் அந்தரத்தில் நின்றது. 2023ல்தான் திறந்தார்கள். நகரத்துக்குள் ரோடு அகலப்படுத்துவது சுலபம், ரயில் விடுவதுதான் கஷ்டம் என்று சொல்பவர்கள் அந்தப் பாலத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

திறந்த பிறகாவது நெரிசல் குறைகிறதா? இதைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு ஆய்வு இருக்கிறது. டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011ல் வெளியிட்டது. அமெரிக்க நகரங்களின் 20 ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தார்கள். சாலை எத்தனை சதவீதம் கூடியதோ, வண்டிகள் ஓடிய தூரமும் கிட்டத்தட்ட அதே சதவீதம் கூடியிருக்கிறது. என் தொழிலில் சர்வர் கூட்டினால் பாரம் பகிர்ந்துகொள்ளும், பதில் நேரம் குறையும். ரோட்டில் அப்படி இல்லை, திறன் கூடினால் கோரிக்கையும் சேர்ந்தே கூடிவிடுகிறது. முன்பு நெரிசலுக்குப் பயந்து வீட்டில் இருந்தவர், பஸ்ஸில் போனவர், அதிகாலையிலேயே கிளம்பியவர் எல்லோரும் இப்போது ஒன்பது மணிக்கு வண்டியை எடுக்கிறார்கள்.

ரயில் ஆதரவாளர்கள் இந்த ஆய்வை மேற்கோள் காட்டாத இடமே கிடையாது. நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் கட்டுரையை உட்கார்ந்து முழுசாகப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அதே ஆய்வு, பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் சாலையில் வண்டி ஓடுவது குறையவில்லை என்றும் சொல்கிறது! காரணம் அதேதான். பத்துப் பேர் ரயிலுக்கு மாறினால், காலியான இடத்துக்கு இன்னொரு பத்துப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆக, "ரயில் விடுங்கள், ரோடு காலியாகும்" என்ற நம்முடைய பிடித்தமான வாதம் அந்த ஆய்வின்படி நிற்காது. முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுவது நேர்மை இல்லை.

அப்படியானால் ரயில் எதற்கு? நெரிசலைக் குறைக்க அல்ல, நெரிசலுக்கு வெளியே ஒரு வழி கொடுக்க. இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் யாருக்காக வாதாடுகிறோம் என்பதே இதில் மாறிவிடுகிறது. முதல் வாதம் கார் வைத்திருப்பவனுக்கு ரோட்டைக் காலி பண்ணித் தருவது. இரண்டாவது வாதம் கார் ஓட்டாதவர்களுக்கானது.

காவிரிப் பாலம் மூடியபோது இதை நேரிலேயே பார்த்தோம். 1976ல் கட்டிய பாலம். 2022 செப்டம்பரில் பழுது பார்க்க கார், பஸ்ஸை நிறுத்தினார்கள், அப்புறம் டூவீலரையும். திறந்தது 2023 மார்ச்சில். என் அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். ஏகாதசிக்கு ஏகாதசி கோயிலுக்குப் போகிறவர். அந்த மாதங்களில் நான் ஓயாமரி பக்கம் சுற்றிக்கொண்டு காரில் கூட்டிப்போனேன், லீவு கிடைத்த நாளில் மட்டும். கிடைக்காத நாளில் அவர் போகவில்லை. அந்த நெரிசலில் நிற்கும்போதெல்லாம் தலைக்கு மேலே இல்லை, பக்கத்திலேயே, டவுன் ஸ்டேஷனையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கிற ரயில் பாலம் தெரியும். சும்மாவும் இல்லை, சென்னை வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஊரில் நான் கேட்ட பேச்சு முழுக்க எந்த ரோட்டில் சுற்றினால் சீக்கிரம் போகலாம் என்பதுதான். நானும் அதையேதான் பேசினேன். ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ரயிலில் போகலாம் என்பது எனக்கே மூன்றாவது மாதம்தான் தோன்றியது. தோன்றி, நேரம் பார்த்தால், அம்மாவுக்கு ஏற்ற நேரத்தில் வண்டி இல்லை.

இங்கேதான் இந்த விவாதத்தின் இறக்குமதிச் சரக்கு தெரிகிறது. ரயிலா காரா என்பது அமெரிக்கச் சண்டை. திருச்சியில் பெரும்பாலானவர்கள் கார்காரர்களும் இல்லை, ரயில்காரர்களும் இல்லை. டவுன் பஸ்ஸும் டூவீலரும்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் புதூரிலிருந்து சத்திரம் போகிற ஒரு பெண்ணிடம் பத்து ரூபாய் ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். அதே வீட்டில் ஆண் டூவீலரில் போவார். 2022ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 2023ல் 18,000 பேருக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். ரோட்டுக் கட்சி சொல்கிற எந்தக் கணக்கிலும் இந்த எண் வருவதில்லை. ரயில் கட்சியும் கார்பன், நெரிசல் என்று பேசிவிட்டு இதைக் கடைசியில்தான் சொல்கிறது. நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பணக் கணக்குக்கு வருவோம். 2016 வாக்கில் ரயில் டிக்கெட்டில் ஒரு வரி அச்சடிக்க ஆரம்பித்தார்கள், பயணச் செலவில் 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று. உண்மைதான், மிச்சத்தைச் சரக்கு வண்டி சுமக்கிறது. ஆனால் நான் பெட்ரோல் போடும்போது கொடுக்கிற ரசீதில், இந்த ரோட்டுக்கு இவ்வளவு செலவு, தெருவில் நீ ராத்திரி முழுக்க நிறுத்துகிற பத்துச் சதுர மீட்டர் இடத்துக்கு வாடகை இவ்வளவு என்று யாரும் அச்சடிப்பதில்லை. கார்காரர்கள் உடனே சொல்வார்கள், பெட்ரோலில் பாதிக்குப் பக்கமாக வரி கட்டுகிறோமே, சுங்கமும் கட்டுகிறோமே என்று. அது சரியான பதில். இலவசமாகப் போகிறோம் என்று அவர்களைத் திட்டுவது தப்பு. நான் கேட்பது ஒன்றுதான்: ஒருவருடைய மானியம் டிக்கெட்டில் அச்சாகிறது, இன்னொருவருடையது தெருவில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் காகிதத்தில் போட்டு ஒப்பிடணும்.

கொள்ளளவும் அப்படித்தான். எட்டுப் பெட்டி மெமுவில் உட்கார மட்டும் 600 பேருக்கு மேல் இடம் இருக்கிறது. காரில் சராசரியாக ஒன்றரைப் பேர் என்று வைத்தால் 400 கார். அந்த 400 காரையும் வரிசையாக, ஒன்றுக்கு எட்டு மீட்டர் கொடுத்து நிறுத்துங்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும், கிட்டத்தட்ட எங்கள் தெருவிலிருந்து ஜங்ஷன் வரைக்கும்.

இதெல்லாம் சொன்னாலும், மெமு விட்டால் போதும், ஜனம் ஏறிவிடும் என்று நான் நம்பவில்லை. சென்னைப் பறக்கும் ரயில் நமக்குப் பாடம். 1990களில் தொடங்கி 2007ல் வேளச்சேரி வரை போனது. பெரிய பெரிய ஸ்டேஷன் கட்டினார்கள். பஸ்ஸோடு இணைப்பு சரியில்லை, உள்ளே இருட்டு. பல வருடம் காற்று வாங்கியது. கிளாம்பாக்கம் இன்னொன்று. பஸ் முனையத்தை 2023 டிசம்பர் 30ல் திறந்தார்கள். எதிரே ரயில்பாதை போகிறது, ஆனால் ஒரு வருடம் கழிந்த பிறகும் ஸ்டேஷன் வேலை முடியவில்லை.

அதைப் பார்த்த பிறகும் நாம் பஞ்சப்பூரில் அதையே செய்தோம். 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2025 மே 9ல் திறப்பு விழா, ஜூலையில் பஸ் ஓட ஆரம்பித்தது. மத்திய பஸ் நிலையம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் ஒரு வசதி இருந்தது: இறங்கி நடந்தால் ஜங்ஷன். இப்போது மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து ரயில் பிடிக்க வேண்டியவர் பஞ்சப்பூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏறணும். திண்டுக்கல் பாதையில் ஜங்ஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் பூங்குடி. நடுவில் எங்கள் புதூரிலோ பஞ்சப்பூர் பக்கமோ ஒரு ஹால்ட் கூட இல்லை. புதூருக்கு முனையம் வந்ததில் நிலத்தின் விலைதான் ஏறியது. தெருவில் இன்னும் நாலு கார் வந்து நிற்கிறது.

ஏன் இப்படி? ரயில்வேயின் தரப்பில் காரணம் இருக்கிறது. கரூர், புதுக்கோட்டை இரண்டும் ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்குக் காத்து நிற்காமல் அடிக்கடி விட முடியாது. இரட்டைப் பாதையிலும் வந்தே பாரத்துக்கு வழி விட்டு பாசஞ்சர் லூப் லைனில் நிற்கும். லோக்கல் வண்டியில் வருமானமும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளைச் சிறப்பு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றிக் குறைந்தபட்சக் கட்டணத்தை 10லிருந்து 30 ஆக்கினார்கள். மறுபடி 10 ஆனது 2024 பிப்ரவரியில்தான். திருச்சி–ஸ்ரீரங்கத்துக்கு 30 ரூபாய் கொடுத்துப் போகாத பழக்கம் அந்த வருடங்களில் நன்றாக வேரூன்றிவிட்டது. இன்னொரு பக்கம், பஸ் மாநில அரசிடம், ரயில் மத்திய அரசிடம், தெரு மாநகராட்சியிடம். சென்னைக்காவது 2010ல் சட்டம் போட்டு கும்டா என்று ஒரு அமைப்பு வைத்தார்கள். இங்கே மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆளில்லை.

நான் கேட்பது 12,000 கோடி இல்லை. துவாக்குடிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், பூங்குடியிலிருந்து திருவெறும்பூர் வரை அரை மணிக்கு ஒரு மெமு. பஞ்சப்பூர் பக்கம் ஒரு ஹால்ட். திருவெறும்பூர் ஸ்டேஷன் வாசலில் வண்டி வரும் நேரத்துக்கு நிற்கிற இரண்டு மினி பஸ், ஏனென்றால் பெல் கேட்டுக்கு அங்கிருந்து யாரும் நடக்க மாட்டார்கள். ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஏறவில்லை என்றால் நிறுத்திவிடலாம், மேம்பாலத்தை அப்படி நிறுத்த முடியாது. ஜங்ஷனில் பிளாட்பாரம் கிடைக்குமா, திண்டுக்கல் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் பக்கத்துக்கு வண்டி நேராகத் தாண்ட எத்தனை நிமிடம் ஆகும் என்பதையெல்லாம் டிராஃபிக் கன்ட்ரோலில் வேலை பார்த்தவர் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி தம்பி, நீ எப்ப காரை விப்ப?" என்றார். அம்மாவுக்கு அடுத்த ஏகாதசி செவ்வாய்க்கிழமை வருகிறது. எனக்கு அன்றைக்கு ஆபீஸ் இருக்கிறது.